நடை ஒதுக்கீட்டில் எங்கள் நிலுவையையும் கணக்கில் எடுங்கள்

ஒப்பந்தப் பங்காளர்களுக்குச் சரக்கு நடைகளைப் பிரித்துத் தரும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஒதுக்கீட்டை மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டதால் பாரபட்சத்துக்கு இடமே இல்லை என்கிறீர்கள். கணினிக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாதுதான். ஆனால் மொத்தச் செலவைக் குறை என்ற ஒரே கட்டளையைத்தான் அதற்குக் கொடுத்திருக்கிறீர்கள். கிடங்குக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துபவருக்குக் காலி ஓட்டம் குறைவு. அந்தச் சிறு வித்தியாசத்துக்காகத் தினமும் அவர் பெயரே முதலில் வருகிறது. நடைகளில் அதே அளவு பங்குக்குக் கையெழுத்திட்ட இன்னொருவர் வண்டித் தவணை கட்ட வழியில்லாமல் காத்திருக்கிறார்.

எண்ணிக்கையைக் காட்டிச் சமாதானம் சொல்லாதீர்கள். ஆளுக்குப் பத்து நடை என்றால் தாளில் சமம். ஒருவருடைய பத்தும் நெடுந்தூரம், திரும்பும்போதும் சரக்கு உண்டு. மற்றவர் ஒவ்வொரு நடைக்கும் இறக்குமிடத்தில் அரைநாள் காத்துக் கிடந்து காலியாகத் திரும்புகிறார். எரிபொருள் போகக் கையில் என்ன நிற்கிறது, அதற்கு எத்தனை மணி நேரம் போனது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

இதை அளக்க முடியும். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினி அமைப்புகளுக்காக 1984இல் கணினி அறிவியலாளர் ராஜ் ஜெயினும் உடன் பணியாற்றியவர்களும், பங்கீடு எவ்வளவு சமம் என்று ஒரே எண்ணில் சொல்லும் ஒரு நியாயக் குறியீட்டை முன்வைத்தார்கள். சமபங்குள்ள நால்வருக்கு வருவாய் 40, 30, 20, 10 எனப் பிரிந்தால் அது 0.83, எல்லாம் ஒருவருக்கே போனால் 0.25, முழுச் சமம் என்றால் 1. ஒப்பந்தப் பங்கு ஆளுக்கு ஆள் மாறினால், வருவாயை அவரவர் பங்கால் வகுத்துவிட்டுக் கணக்கிட்டால் போதும்.

அன்றன்றைக்கே சமமாக்கச் சொல்லவில்லை; ஒரு நடையை இருவருக்குத் துண்டு போட முடியாது. இன்று குறைந்ததை நிலுவையாக எழுதி, நாளை நிலுவை அதிகமுள்ளவரை முன்னே நிறுத்துங்கள். செலவு கூடுமே என்ற கவலை எங்களுக்கும் புரிகிறது. மிகக் குறைந்த செலவைவிட எத்தனை சதவீதம் வரை கூடலாம் என்று நீங்களே வரம்பு வையுங்கள். அந்த வரம்புக்குள் நிலுவையை அதிகம் குறைக்கும் திட்டத்தை மென்பொருள் தேடட்டும்.

பங்காளர் தானாக மறுத்த நடையை அவருக்குக் கொடுத்ததாகவே எழுதுங்கள், ஆட்சேபமில்லை. நள்ளிரவில் செய்தி அனுப்பி, பத்து நிமிடத்தில் பதில் வராததை மறுப்பு என்று பதிவதை மட்டும் உடனே நிறுத்துங்கள்.

எல்லோருடைய நிலுவையையும் எல்லோரும் பார்க்கும்படி வாரந்தோறும் வெளியிடுங்கள். அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்புக்கு முன் முதல் பட்டியல் எங்கள் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஒப்பந்தப் பங்காளர்களில் ஒருவர்