எனர்ஜின்னு விக்கிறவங்க அளவையும் அச்சடிக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீவனக் கடைக்குப் போனா இப்ப எந்த டப்பாவுல பாத்தாலும் எனர்ஜின்னு தான் போட்டிருக்கு. கால்சியம் டானிக்ல எனர்ஜி, தாது உப்புல எனர்ஜி, பேர் தெரியாத ஒரு பவுடர் அதுலயும் எனர்ஜி. கால்சியமும் தாது உப்பும் மாட்டுக்கு வேணும் தான், ஆனா அதுல எனர்ஜி கிடையாதுங்க. அது வர்றது மாவுச்சத்து, நார்ச்சத்து, கொழுப்புல இருந்து தான்.

கன்னு போட்ட மாடு ஒன்றரை ரெண்டு மாசத்துல உச்சத்துக்குப் பால் குடுத்துரும், ஆனா தீனி முழுசா எடுக்க அதுக்கு மேலயும் சில வாரம் ஆகும், அந்த இடைவெளிய மாடு சொந்த உடம்புக் கொழுப்பைக் கரைச்சுத்தான் ஈடுகட்டுது. அதனால தான் எலும்பு தெரியுது, பருவத்துக்கு வராம மாசக்கணக்குல இழுக்குது, ரொம்பக் கரைஞ்சா கீட்டோசிஸ்ங்கிற நோய் வந்து தீனியே எடுக்காம நிக்குது. பால் சொசைட்டியில எஸ்என்எஃப், அதாவது பால்ல கொழுப்பு போக மிச்சத் திடச்சத்து, இல்லன்னு காசைக் குறைக்கிறாங்களே, அதுக்கும் பல நேரம் இதான் காரணம்.

நம்ம சனங்க என்ன பண்றாங்க, கல்யாண வீட்டு மிச்சச் சோறு, பொங்கல்னு ஒரே வேளையில அள்ளி வெச்சிர்றாங்க, அது வயித்துல புளிச்சு அமிலமாகி மாடு படுத்துருது. அமெரிக்காவுல கறி மாட்டுக்கு மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வெக்கிற வீடியோவப் பாத்துட்டு கறவை மாட்டுக்கும் அதே மாதிரி கொட்டுற பசங்களும் இருக்காங்க. அங்கயே கொஞ்சங்கொஞ்சமா பழக்கித்தான் ஏத்துவாங்க, அது வீடியோவுல வராது போல. எண்ணெய் ஊத்துறதும் சரியில்ல, மொத்தத் தீனியில காய்ஞ்ச எடைக்குக் கொழுப்பு 6, 7 சதவீதம் தாண்டுனா நார் செரிக்கிற நுண்ணுயிர் படுத்துக்கும், அப்புறம் வைக்கோல் தின்னும் புண்ணியமில்ல.

இதுக்குத்தான் பைபாஸ் ஃபேட். பாமாயில் கொழுப்பமிலத்தைக் கால்சியத்தோட சேத்திருப்பாங்க, முதல் வயித்துல கரையாம தாண்டிப் போய் நாலாவது வயித்து அமிலத்துல தான் பிரியும். மாவுச்சத்தை விடக் கொழுப்புல 2.25 மடங்கு எனர்ஜி. ஒரு லிட்டர் பாலுக்கு 15 லேர்ந்து 20 கிராம், கன்னு போடுறதுக்கு 10 நாள் முன்ன ஆரம்பிச்சு, போட்டபிறகு 90 நாள் வரைக்கும், அவ்ளோதான். நாலஞ்சு லிட்டர் கறக்குற மாட்டுக்கு இது தண்டச் செலவு. மக்காச்சோள மாவும் புண்ணாக்கும் போதும், எங்க பக்கம்னா மரவள்ளித் திப்பி, அதாவது கிழங்குல மாவு எடுத்த மிச்சச் சக்கை இருக்கு, நல்ல எனர்ஜி, ஆனா புரதம் ரொம்பக் கம்மி, புண்ணாக்கு சேக்காம குடுக்கக் கூடாது.

நான் கேக்குறது ரெண்டு தான். தீவன மூட்டையில புரதம், நார், ஈரம் எல்லாம் சதவீதத்துல போடுறாங்க, எனர்ஜிக் கணக்கான டிடிஎன் (செரிக்கிற சத்தோட மொத்த அளவு) மட்டும் பல மூட்டையில காணோம், அதையும் போடணும். எனர்ஜின்னு பேர் வெச்சு விக்கிற டப்பாவுல கொழுப்பு எத்தனை சதவீதம்னு தமிழ்ல, கண்ணுக்குத் தெரியுற எழுத்துல அச்சடிக்கணும், அதைச் சரிபாக்கவும் ஆள் வேணும். அடுத்தது, பைபாஸ் ஃபேட்டை சொசைட்டியிலயே ஒரு கிலோ, ரெண்டு கிலோ பாக்கெட்டா குடுங்க, ஒத்த மாடு வெச்சிருக்கறவங்க பெரிய மூட்டை வாங்கி என்ன பண்றது? மூட்டைத் தீவனத்துக்குப் பால் காசுல புடிக்கிற மாதிரியே இதுக்கும் புடிச்சுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பால் விவசாயி,
ஆத்தூர், சேலம் மாவட்டம்