வார்டுதோறும் ஒரு பாட்டு மாலை: மதுரை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாநகராட்சியின் மதிப்பிற்குரிய மேயர், ஆணையர், 100 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பூங்காக்களில் நடப்பதற்குப் பாதை அமைத்தீர்கள். உடற்பயிற்சிக் கருவிகளும் வைத்தீர்கள். அதே அக்கறையோடு, வாரத்தில் ஒரு மாலை அக்கம்பக்கத்தார் சேர்ந்து பாடுவதற்கு ஒவ்வொரு வார்டிலும் ஒரு பூங்காவையோ சமுதாயக் கூடத்தையோ கட்டணமின்றி ஒதுக்கித் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கூடிப் பாடுவது இந்த ஊருக்குப் புதிதன்று. மார்கழி விடியலில் வீதி பஜனை வருகிறது. சௌராஷ்டிர மக்களின் பஜனைகளில் நடனகோபால நாயகி சுவாமிகளின் கீர்த்தனைகள் இன்றும் ஒலிக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் அழகர் வர்ணிப்பு பாடுவோரைச் சுற்றிக் கூட்டம் உட்கார்ந்துவிடுகிறது. தேவாலயங்களில் பாடகர் குழுக்கள் இருக்கின்றன. சுற்றுவட்டாரக் கிராமங்களில் முளைப்பாரி போட்ட நாளிலிருந்து இரவுதோறும் பெண்கள் வட்டமாக நின்று கும்மி கொட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும்போது, யார் குரல் நல்ல குரல் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, பாட்டுத் தெரியாமல் வந்த புது மருமகளும் மூன்றாம் சுற்றில் சேர்ந்துகொள்கிறாள். ஆனால் இவையெல்லாம் ஏதேனும் ஒரு திருநாளோடும், ஒரு சமூகத்தோடும் சமயத்தோடும் கட்டுண்டவை. வயலில் நடவுப் பாட்டு அருகிவிட்டது. வெளியூரிலிருந்து குடிவந்து அடுக்குமாடியில் வசிப்பவருக்கும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியவருக்கும் பாடச் சேர்ந்துகொள்ள ஓர் இடமில்லை.

இதை நல்வாழ்வுக்கான வேண்டுகோள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாடும்போது மூச்சைச் சட்டென உள்ளிழுத்து நெடுநேரம் வெளிவிடுகிறோம். அப்போது இதயத் துடிப்பு தணிகிறது. ஒரே பாட்டைப் பாடுவோரின் மூச்சும் ஒரே சீருக்கு வருகிறது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 60 வயது கடந்த 258 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 14 வாரங்கள் குழுவாகப் பாடியவர்களிடம், பாடாதவர்களைவிடப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு ஆளான தாய்மாரில், குழந்தையோடு குழுவாகப் பாடியவர்கள் விரைவாக மீண்டதாக 2018இல் வந்த மற்றோர் ஆய்வு கூறுகிறது. பாட்டு, கைவினை, எழுத்து என வெவ்வேறு வகுப்புகளில் சேர்ந்தவர்களை ஏழு மாதம் கவனித்த ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், முடிவில் எல்லா வகுப்பினரும் நெருங்கியிருந்தாலும் பாடியவர்களே முதலில் நெருங்கினார்கள் என்று கண்டனர். முகம் தெரியாதவர்கள் பெருகிவரும் தெருக்களுக்கு இந்த முந்துதல்தான் வேண்டியது.

பாட்டு மருத்துவத்துக்கு மாற்று என்று நான் வாதிடவில்லை. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் இளந்தாய்மாரிடமும் முதியோரிடமும் செவிலியர்கள் இந்த மாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நடத்தும் முறை குறித்தும் சொல்லியாக வேண்டும். மேடை, ஒலிபெருக்கி, போட்டி, பரிசு ஆகிய எதுவும் வேண்டாம். பரிசு என்று வந்துவிட்டால் நன்றாகப் பாடுபவர்கள் பாடுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவதோடு நின்றுவிடுவார்கள். கும்மிப் பாட்டு, தாலாட்டு, எல்லோருக்கும் தெரிந்த பழைய திரைப்பாட்டு என எந்தச் சமயத்தவரும் தயங்காமல் வாய்திறக்கக்கூடியவையாகப் பாடல்கள் இருக்கட்டும். அடி எடுத்துக் கொடுக்க ஒருவர் தேவை. மதுரையிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயின்றவர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து அழைக்கலாம், கிராமத்துக் கும்மிப் பாட்டுக்காரப் பெண்களையும் அதே மதிப்பூதியத்தோடு அழைக்கலாம். செலவு அவ்வளவே, உட்காரப் பாய், குடிக்கத் தண்ணீர், மாலையில் எரியும் விளக்கு ஆகியவை பெரும்பாலான இடங்களில் இப்போதே உண்டு.

முதலில் மண்டலத்துக்கு ஒரு வார்டு என்று தொடங்கி ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக முன்வைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்லூர்வாசி ஒருவர்