தொப்புளில் கசியும் ரத்தம்: பிரசவ வார்டுகளுக்கு ஒரு தாயின் திறந்த மடல்

தமிழ்நாட்டின் பிரசவ வார்டுகளிலும் பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளிலும் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும், வீடு தேடி வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ரத்தம் உறைய உதவும் காரணிகளில் கடைசியாக வரும் பதின்மூன்றாம் காரணியைப் பற்றி, இரண்டு பிள்ளைகளைப் பெற்றுத் தெரிந்துகொண்டவள். இந்தக் காரணி பிறவியிலேயே இல்லாமல் போவது சுமார் 20 லட்சம் பேரில் ஒருவருக்கு என்பார்கள். அவ்வளவு அபூர்வமானதற்கு ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று நினைக்காமல் கொஞ்சம் படியுங்கள்.

மூத்தவனுக்கு எட்டாம் நாள் தொப்புள் கொடி விழுந்தது. அன்று சாயங்காலமே கசிய ஆரம்பித்தது. பீறிட்டெல்லாம் வரவில்லை. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைப்பேன். ஒரு மணி நேரத்தில் துணியின் நடுவில் காசளவுக்குச் சிவந்திருக்கும். மாற்றினால் மறுபடியும் அதே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். விட்டமின் கே ஊசி இன்னொன்று போட்டார்கள், கிருமித்தொற்றாக இருக்கலாம் என்று மருந்து கொடுத்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும் நார்மல், தட்டணுக்களும் சரி. "ஒன்றுமில்லைம்மா, சில குழந்தைகளுக்கு இப்படித்தான், காய்ந்துவிடும்" என்றார்கள். ஆறு நாளில் காய்ந்தும்விட்டது.

ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம், தூளியில் தூங்கி எழுந்தவன் குடித்த பாலையெல்லாம் கக்கினான். கண் ஒரு பக்கமாகச் செருகியது. மண்டைக்குள் ரத்தக்கசிவு. ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் கேட்டார்: "இதற்கு முன்னால் குழந்தைக்கு எப்போதாவது ரத்தம் நிற்காமல் வந்திருக்கிறதா?" நான் "இல்லை சார்" என்றேன். பொய் சொல்லவில்லை. தொப்புளில் கசிந்ததை ஒன்றுமில்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், நானும் நம்பியிருந்தேன். கையிலிருந்த சீட்டிலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்றாம் நாள் அவன் போய்விட்டான்.

அடுத்து மகள் பிறந்தாள். ஏழாம் நாள் அதே கசிவு. இந்த முறை வேறு ஆஸ்பத்திரி. அங்கே மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் டாக்டர் அண்ணனின் கதையைக் கேட்டுவிட்டு, பிளாஸ்மா (ரத்தத்தில் அணுக்களை நீக்கிய திரவம்) ஏற்றுவதற்கு முன்பே தனியாக ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைத்தார். லேபில் இருந்த அக்கா எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு சோதனைக் குழாய், இரண்டிலும் யூரியா கரைசல், இரண்டிலும் உறைந்த பிளாஸ்மா ஒரு கட்டி. ஒன்று வேறொருவருடையது, அது மறுநாள் வரை நுங்குத் துண்டு மாதிரி அப்படியே கிடந்தது. என் மகளுடையது நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கரைந்து வெறும் தண்ணீராகியிருந்தது. அந்தக் குழாயைப் பார்த்தபோதுதான் என் மகன் எதனால் போனான் என்று புரிந்தது.

பி.டி.யும் ஏ.பி.டி.டி.யும் ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று மட்டுமே பார்க்கும். பதின்மூன்றாம் காரணியின் வேலை ரத்தம் உறைந்த பிறகுதான் தொடங்குகிறது. ரத்தக் கட்டியை உருவாக்கும் ஃபைப்ரின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டுவது அதுதான். பூவை எல்லாம் சேர்த்து வைத்தாயிற்று, நார் போட்டுத் தொடுக்கவில்லை என்றால் எப்படி? கையில் எடுத்ததும் உதிரும். என் மகளின் கட்டி யூரியாவில் கரைந்ததும் இப்படித்தான். அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்கு அடிபட்டதும் ரத்தம் நின்றுவிடும், ஒரு நாள் கழித்து மறுபடி வரும். புண் ஆறவும் நாளாகும். 1960இல் சுவிட்சர்லாந்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சிறுவனுக்கும் ரத்தப்போக்கோடு ஆறாத புண் இருந்தது. கடுமையான குறைபாடு உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குத் தொப்புளில் ரத்தம் வருகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மண்டைக்குள் கசிகிறது. நோய் தானே முன்வந்து ஒரு வாரத்தில் அடையாளம் காட்டுகிறது. அதைவிட வேறென்ன வேண்டும்?

"பெண் குழந்தைக்கு ஹீமோபீலியா வராதே" என்று என்னிடம் இரண்டு பேர் சொன்னார்கள். இது ரத்தம் சரியாக உறையாத இன்னொரு நோயான ஹீமோபீலியா போல எக்ஸ் குரோமோசோமில் வருவதில்லை. அப்பா, அம்மா இருவரிடமும் பழுதான மரபணு ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பேறுகாலத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. என் கணவர் எனக்கு அத்தை மகன். எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. சொந்தத்தில் கட்டுவது நம் ஊரில் இவ்வளவு சகஜமாக இருக்கும்போது, 20 லட்சத்தில் ஒன்று என்ற கணக்கை நம்பி நீங்கள் இருக்கக் கூடாது. அப்புறம், "சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் அது யாருக்கும் உதவாது.

தொப்புள் கசிந்து மற்ற சோதனைகள் நார்மல் என்று வந்தால், அந்த யூரியா சோதனையையும் செய்யுங்கள். கேட்பது பெரிய மெஷின் இல்லை. யூரியாவை நூறு மில்லிக்கு 30 கிராம் வீதம் கரைத்த 5 மோலார் கரைசல், ஒரு நாள் காத்திருப்பு. மிகக் குறைவாக இருப்பவர்களை மட்டுமே இந்தச் சோதனை காட்டும் என்பதும், பிறகு பெரிய லேபில் அளவு பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். உங்களிடம் வசதி இல்லையென்றால் மாதிரியை அனுப்பி வையுங்கள். ஆனால் பிளாஸ்மாவோ, அதிலிருந்து பிரித்தெடுக்கும் கிரையோவோ ஏற்றுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு எடுத்தால் வேறொருவரின் காரணி உள்ளே போய்க் கட்டியைக் காப்பாற்றிவிடும், எல்லாம் நார்மல் என்று வந்துவிடும்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இந்தக் காரணி உடம்பில் பாதியாகக் குறையவே ஒன்பது முதல் பதினான்கு நாள் ஆகிறது. அதனால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கிரையோ ஏற்றினால் போதும். ஏற்றிவிட்டு மறுநாள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். காரணியை மட்டும் பிரித்தெடுத்த மருந்தும் இருக்கிறது. கிடைத்தால் அதுவே மேல். நாளைக்கு அவள் கர்ப்பமானால் கரு தங்கவும் இதே சிகிச்சை வேண்டும், இல்லாவிட்டால் திரும்பத் திரும்பக் கலையும் என்கிறார்கள். இவ்வளவு எளிதாகக் காப்பாற்றக்கூடிய நோயில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். காரணம் எதுவாக இருந்தாலும், தொப்புள் கசிந்தால் தாய் சேய் நல அட்டையில் தேதி போட்டு எழுதுங்கள்: எத்தனை நாள் கசிந்தது, என்ன சோதனை செய்தீர்கள் என்று. கிராம செவிலியர் அக்காமார்கள் பிரசவமான வீட்டுக்குப் போகும்போது "தொப்புள் விழுந்ததா?" என்பதோடு நிறுத்தாமல், "விழுந்த பிறகு துணியில் ரத்தம் பட்டதா?" என்றும் கேளுங்கள்.