விக்கன் ஃபென்: தூரத்தைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் விக்கன் ஃபென் சதுப்புநிலக் காப்பகம் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையின் படங்கள் அருமை. ஆனால் அதை நம்பிப் பிள்ளைகுட்டிகளோடு கிளம்புகிறவர்களுக்காக இரண்டு இடங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. அங்குள்ள கால்வாய்கள் எல்லாம் 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் வெட்டியவை என்று எழுதியிருப்பது ஒன்று. "முழுக்கச் சமதளம், மனம்போன போக்கில் நடக்கலாம்" என்ற வரி மற்றொன்று.

கார்னிலியஸ் வெர்மைடன் என்ற அந்த டச்சுக்காரரின் பெரிய வெட்டுகளான பழைய பெட்ஃபோர்ட் ஆறும் (1637) புதிய பெட்ஃபோர்ட் ஆறும் (1651) ஈலி நகருக்கு மேற்கே ஓடுபவை. விக்கனைச் சுற்றியுள்ள கால்வாய்களை உள்ளூரில் 'லோட்' என்பார்கள். இவற்றின் வயது வேறு. ரீச் லோட் ரோமர் காலத்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பர்வெல் லோடின் இப்போதைய தடம் வேண்டுமானால் வெர்மைடன் காலத்ததாக இருக்கலாம். ரீச் இன்று சின்னஞ்சிறு கிராமம். ஆனால் 1201இல் அரசர் ஜானின் சாசனம் அங்கே சந்தை நடத்தும் உரிமையைக் கேம்பிரிட்ஜ் நகரத்தாருக்குத் தந்தது, படகுத்துறையும் இருந்தது. அங்கே சரக்கு ஏற்றினால் லோட் வழியாகக் கேம் ஆறு, அதிலிருந்து கிரேட் ஊஸ், பிறகு கிங்ஸ் லின் துறைமுகம் என்று கடல்வரை போய்விடலாம். வெண்சுண்ணக்கல், பீட் மண், கூரை வேயும் கோரை எல்லாம் இப்படித்தான் போயின. கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த சார்லஸ் டார்வின், இந்தச் சதுப்புகளிலிருந்து நாணல் ஏற்றிவந்த படகுகளின் அடியில் சேர்ந்த குப்பையைக் கூலிக்கு ஆள் வைத்து வாரச் சொல்லி, அதில் வண்டு தேடியிருக்கிறார்.

இனி நடைக்கு வருகிறேன். பீட் என்பது முழுதாக மட்காத தாவரம் அடுக்கடுக்காகப் படிந்த கறுப்பு மண். தண்ணீரை வடித்தால் அது சுருங்கும், காற்றுப் பட்டால் மட்கிக் கரையும். இதே கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தரைமட்டத்துக்கு இறக்கிய இரும்புத் தூண் இப்போது ஏறக்குறைய 4 மீட்டர் வெளியே நிற்கிறது. விக்கனைச் சுற்றியுள்ள வயல்களும் அப்படித்தான் இறங்கின. லோட்களோ உயர்ந்த களிமண் கரைகளுக்கு நடுவே பழைய மட்டத்திலேயே ஓடுகின்றன. கரைமேல் நின்று பார்த்தால் ஒரு பக்கம் காலடிக்குச் சற்றுக் கீழே தண்ணீர் தெரியும். மறுபக்கம் வயல் அந்தத் தண்ணீரைவிடப் பள்ளத்தில் கிடக்கும். வயலில் சேரும் நீரை மேலே இறைத்துத்தான் லோடில் விட வேண்டியிருக்கிறது.

நடப்பவர்களுக்கு இதில் என்ன வந்தது? கரைமேல் சேறாக இருக்கிறதே என்று வயல்பக்கம் இறங்கி அடிவாரத்தை ஒட்டி நடக்கப் பார்ப்பார்கள். லோடின் நீர் கசிந்து சேருவது அங்கேதான். தரை புல்லாகத் தெரியும், கால் வைத்தால் கணுக்கால்வரை போகும். அதை ஒட்டியே நாணல் மூடிய வாய்க்கால் ஒன்றும் இருக்கும். எவ்வளவு வழுக்கினாலும் கரையின் உச்சியை விடாதீர்கள்.

அடுத்தது பாலங்கள், கட்டுரை தொடவே தொடாத விஷயம். லோட்களைக் கடக்கப் பாலங்கள் மிகச் சில. எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும்; அங்கே போய்ச் சேரக் கிலோமீட்டர் கணக்கில் சுற்ற வேண்டியிருக்கும். ஆகவே நடையைத் திட்டமிடும்போது எத்தனை கிலோமீட்டர் என்று தொடங்காமல், எந்தக் கரையில் போகிறோம், எந்தப் பாலத்தில் மாறுகிறோம் என்று தொடங்குங்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் 226 போதும். 1:25,000 அளவு, அதாவது 4 செ.மீ. ஒரு கிலோமீட்டர். நீலக் கோட்டின் குறுக்கே 'எஃப்.பி.' என்று இருந்தால் நடைபாலம். உங்கள் வழியில் வரும் பாலங்களை மட்டும் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கைபேசிச் செயலி காட்டும் நேர்க்கோட்டு வழி லோட் நடுவே போவதுண்டு.

லோடில் இறங்கிக் கடக்கும் யோசனையே வேண்டாம். களிமண் சரிவில் வெளியே ஏறக் கைப்பிடி கிடைக்காது. ஓரத்து நாணல் தரைபோலத் தெரிந்தாலும் ஆளைத் தாங்காது.

கரை ஒற்றையடிப் பாதை என்பதால் எதிரே வரும் விலங்குகளையும் கணக்கில் வைக்க வேண்டும். புதர் மண்டாமலிருக்க இங்கே கோனிக் குதிரைகளையும் ஹைலேண்ட் மாடுகளையும் மேய விட்டிருக்கிறார்கள். பழக்கிய விலங்குகள் அல்ல, உதைக்கும், கடிக்கும். திறந்த வெளியில் முப்பது மீட்டர் விலகிப் போய்விடலாம். கரையில் ஒதுங்க இடமில்லை. குட்டியோடு கூட்டம் நின்றால் காத்திருங்கள், நகராவிட்டால் திரும்பிவிடுங்கள். தீனி கொடுக்கக் கூடாது. நீங்கள் திறந்து கடந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள்.

காலணி விஷயத்தில் கட்டுரையாளர் சொன்ன கனத்த மலையேற்ற பூட்ஸ் இங்கே உதவாது. அடிப்பாகத்தின் ஆழமான வெட்டுக்குள் களிமண் அடையடையாக அப்பி, அரை மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடும். நவம்பர் முதல் மார்ச்வரை முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் கம்பளிக் காலுறையும். மற்ற மாதங்களில் அடிவெட்டு அகலமான, நீர்புகாத சாதாரண ஷூ. ஊன்றுகோல் கொண்டுவந்தால் நுனியில் அகல வளையம் மாட்டுங்கள், இல்லையென்றால் பீட்டில் கோல் இறங்கிக்கொண்டே போகும். கோடையிலும் முழுக்கால்சட்டைதான். கரைப் புல்லில் காஞ்சொறி இடுப்புவரை நிற்கும். கூரை வேய்வதற்கென்று முன்பு சொன்ன சதுப்புக் கோரையின் இலையோரம் ரம்பப் பல் மாதிரி. கையால் விலக்கினால் அறுக்கும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லோட் தண்ணீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். கை கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

சமதளம் என்பதால் மணிக்கு 5 கி.மீ. என்று கணக்குப் போடுகிறார்கள். குளிர்காலக் கரையில், எதிர்க்காற்றில், மூன்றுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். அந்த நேரத்தில்தான் பூனைப்பருந்துகள் நாணலில் அடைய வரும், குட்டைக்காது ஆந்தை பர்வெல் ஃபென்னில் வேட்டைக்குக் கிளம்பும். அதைப் பார்க்காமல் வரச் சொல்லவில்லை. தலைவிளக்கோடு போங்கள், கார் நிறுத்தத்தின் கேட் எப்போது மூடும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நீண்ட நடை வேண்டுமென்றால் 'லோட்ஸ் வே' தடத்தில் விக்கனிலிருந்து ஆங்கிள்சி ஆபி மாளிகை வரை ஒரே திசையில் நடப்பது சிறந்தது, சுமார் 13 கி.மீ. ரீச் லோடின் மேல் 2010இல் திறந்த அகலமான பாலம் இருக்கிறது. பர்வெல் லோடைக் கடக்கும் இடம் செங்குத்து. சைக்கிளோ குழந்தை வண்டியோ இருந்தால் அன்றைய நிலையை வரவேற்பு மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மையத்தை விட்டால் வழியில் கழிப்பறையோ குழாயோ கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். மேற்கே அப்வேர் கிராமத்துப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு மதுக்கடை உண்டு. அதன் பெயரே 'எங்கிருந்தும் ஐந்து மைல், அவசரமில்லை' என்ற பொருளில்தான். ரயிலில் வந்தால் 2021இல் மீண்டும் திறந்த சோஹம் (Soham) நிலையம் பக்கம், அங்கிருந்து சுமார் 5 கி.மீ.

தாத்தா பாட்டியோடும் சின்னக் குழந்தைகளோடும் வருகிறவர்கள் கரைகளை மறந்துவிட்டு, செட்ஜ் ஃபென்னைச் சுற்றும் 1.2 கி.மீ. பலகைப் பாதையில் போகலாம். காப்பகத்தை நடத்தும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 1899இல் 10 பவுண்டுக்கு வாங்கிய முதல் இரண்டு ஏக்கர் இந்தப் பகுதியில்தான். வடிக்காமல் விட்டதால் இந்தத் துண்டு நிலம் மட்டும் சுற்றுவட்டார வயல்களைவிட உயரத்தில் நிற்கிறது. நீர் வெளியே கசிந்து காய்ந்துவிடுகிறது. அதனால் வயலை வடிக்கக் கட்டிய காற்றாலைப் பம்பு ஒன்றை 1956இல் இங்கே கொண்டுவந்து, திருப்பி வேலை வாங்குகிறார்கள்: இப்போது அது சதுப்புக்குள் தண்ணீர் ஏற்றுகிறது. கட்டுரையில் அதன் படத்துக்குக் கீழே "நீரை வடிக்கும் காற்றாலை" என்று இருக்கிறது. அதையும் திருத்திவிடுங்கள். முடிந்தால் அடுத்த இதழில் பாலங்கள் குறித்த சிறு வரைபடமும் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கேம்பிரிட்ஜ்ஷயர்