சாஃப்ட்வேர் ஏற்றுமுன் எந்தப் பெட்டியில் டிக் இருக்கிறது என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லோகோவிலேயே நின்றுவிடும் கைப்பேசிக்கு வீட்டுக் கணினியிலேயே சாஃப்ட்வேர் ஏற்றிக்கொள்ளலாம் என்ற குறிப்புகள் நாளிதழ்களின் தொழில்நுட்பப் பக்கங்களில் வருகின்றன. அது முடியாத காரியம் அல்ல. ஆனால், ‘டூலை டவுன்லோட் செய்யுங்கள், இன்ஸ்டால் செய்யுங்கள், ஸ்டார்ட்டை அழுத்துங்கள்’ என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். கைப்பேசி கெடுவது அந்த வரிகளுக்கு நடுவில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லோகோவில் நிற்பதெல்லாம் சாஃப்ட்வேர் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. நாம் போட்ட செயலிகளை விட்டுவிட்டுத் திறக்கும் சேஃப் மோடில் ஒழுங்காக ஆன் ஆகிறதென்றால், பிறகு போட்ட ஏதோ ஒரு செயலிதான் காரணம். அதை நீக்கினால் போதும். ரெக்கவரி என்ற பழுதுபார்ப்புத் திரையில் கேஷ் பார்ட்டிஷனை (தற்காலிக ஃபைல்கள் இருக்கும் பகுதியை) அழிக்கும் வசதி உள்ள மாடல்களில் அதை முதலில் செய்து பார்க்கலாம், படங்களோ தொடர்பு எண்களோ போகாது. ஃபிளாஷ் செய்யும்போது, அதாவது சாஃப்ட்வேர் ஏற்றும்போது, ஃபைலையும் கேபிளையும் மாற்றிய பிறகும், ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் வந்து நின்று பிழை காட்டினால் சேமிப்பு சிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். பத்தாவது முறை ஃபிளாஷ் செய்வதால் அந்தச் சிப் சரியாகிவிடாது.

‘கணினி என் போனைக் காட்டவே இல்லை’ என்பதுதான் அதிகம் கேட்கும் புகார். முதலில் கேபிளைப் பாருங்கள். யூஎஸ்பி 2 கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜுக்கு மட்டும் என்று வரும் மலிவான கேபிள்களில் பின்னவை இரண்டும் இருக்காது. கைப்பேசி சார்ஜ் ஏறும், கணினிக்கோ எதுவும் தெரியாது. மேசைக் கணினி என்றால் முன்பக்கப் போர்ட்டையும் ஹப்பையும் விட்டுவிட்டு, மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள்.

அடுத்தது டிரைவர், அதாவது கணினிக்குப் போனை அடையாளம் காட்டும் நிரல். சாம்சங்குக்கு அதன் யூஎஸ்பி டிரைவர், மீடியாடெக் சிப்புக்கு விகாம் டிரைவர், குவால்காம் சிப்புக்கு 9008 போர்ட்டுக்கான டிரைவர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. டூலைத் திறப்பதற்கு முன்பே டிரைவரைப் போட்டு, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட வேண்டும். மீடியாடெக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. கணினியில் இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆஃப் செய்த கைப்பேசியைச் செருகிப் பாருங்கள். ‘போர்ட்ஸ்’ பகுதியில் பிரீலோடர் (போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் சிறு நிரல்) என்று ஒரு வரி வரும். சில நொடிகளில் மறைந்துவிடும். கைப்பேசி சார்ஜிங் திரைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அந்தச் சில நொடிகளுக்குள் டூல் அதைப் பிடித்தாக வேண்டும். ஆகவே மீடியாடெக்குக்கான எஸ்பி ஃபிளாஷ் டூலில் ‘டவுன்லோட்’ பொத்தானை முதலில் அழுத்திவிட்டு, பிறகுதான் கேபிளைச் செருக வேண்டும். சாம்சங்குக்கான ஓடினில் இது தலைகீழ்: கைப்பேசியை டவுன்லோட் மோடில் செருகி, ‘ஐடி காம்’ கட்டம் நீலமாக மாறிய பிறகே ஸ்டார்ட். இந்த வரிசை புரியாமல், ஓடாத டூல் என்று முடிவு கட்டி, வேறு எங்கிருந்தோ வேறு பதிப்பைத் தேடி இறக்குகிறவர்கள் ஏராளம்.

பிரீலோடர் வரியில் மஞ்சள் ஆச்சரியக்குறி வந்தால், டிரைவர் சரியாக உட்காரவில்லை. டிஜிட்டல் கையெழுத்து இல்லாத பழைய டிரைவர்களை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வரை போய், ரீஸ்டார்ட் ஆனதும் 7ஐ அழுத்தினால் அந்த ஒரு முறைக்கு மட்டும் சோதனை விலகும். அடுத்த ரீஸ்டார்ட்டில் பாதுகாப்பு தானாகத் திரும்பிவிடும். அதை நிரந்தரமாக அணைத்து வைக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எஸ்பி ஃபிளாஷ் டூலில் ‘டவுன்லோட் ஒன்லி’, ‘ஃபர்ம்வேர் அப்கிரேட்’, ‘ஃபார்மட் ஆல் பிளஸ் டவுன்லோட்’ என்று மூன்று தேர்வுகள் உண்டு. மூன்றாவதைத் தொட்டால் என்வி ராம் பகுதியும் சேர்ந்து அழியும். ஐஎம்இஐ என்ற போனின் தனி அடையாள எண், வைஃபை முகவரி, அந்தப் போனுக்கென்று தொழிற்சாலையில் பதிந்த ரேடியோ அளவீடுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கைப்பேசி பளிச்சென்று ஆன் ஆகும், சிம்மில் சிக்னல் இருக்காது. எந்த ஃபர்ம்வேர் (போனில் ஏற்றும் சாஃப்ட்வேர்) ஃபைலிலும் அவை கிடையாது என்பதால், முன்பே ரீட்பேக் செய்து, அதாவது போனிலிருந்து கணினிக்குப் படித்தெடுத்து, பேக்கப் எடுத்திருந்தால்தான் மீட்கலாம். ‘டவுன்லோட் ஒன்லி’யிலும்கூட, பட்டியலில் ‘யூசர்டேட்டா’ வரிக்கு டிக் இருந்தால் படங்கள் போய்விடும். லோகோ வரைக்கும் வருகிற போன் என்றால் ‘பிரீலோடர்’ வரியின் டிக்கை எடுத்துவிடுவது நல்லது. வேறு மாடலின் பிரீலோடர் ஏறிவிட்டால், லோகோவும் வராமல் முழுவதும் டெட் ஆகிவிடும்.

ஓடினில் ‘சிஎஸ்சி’, ‘ஹோம் சிஎஸ்சி’ என்று இரண்டு ஃபைல்கள் ஒரே ஃபோல்டரில் வரும். முதலாவது எல்லாவற்றையும் அழிக்கும், இரண்டாவது தகவல்களை விட்டுவைக்கும். ‘ரீ-பார்ட்டிஷன்’ பெட்டியில் டிக் இருக்கவே கூடாது. இயங்குதளம் அடங்கிய ஏபி ஃபைல் பல ஜிபி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் ஓடின் சரிபார்க்கத் தொடங்கி, சற்று நேரம் உறைந்துபோனதுபோல நிற்கும். அது ஹேங் அல்ல, மூடிவிடாமல் காத்திருங்கள். ஃபர்ம்வேரின் பதிப்பைக் குறிக்கும் பில்ட் எண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாவதாக வரும் எழுத்தோ எண்ணோதான் பூட்லோடரின் (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரலின்) நிலை. போனில் இருப்பதைவிடக் குறைந்த நிலையுள்ள ஃபர்ம்வேரைக் கொடுத்தால் ஏறாது. ‘பழையது வேகமாக இருந்தது, அதற்கே போய்விடலாம்’ என்று நினைப்பவர்கள் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான்.

ஷாவ்மி போன்களுக்கான மி ஃபிளாஷில் சாளரத்தின் அடிப்பகுதியைக் கட்டாயம் பாருங்கள். பல பதிப்புகளில் ‘கிளீன் ஆல் அண்ட் லாக்’ என்பதே முன்கூட்டித் தேர்வாகி இருக்கும். சீனச் சந்தைக்கான போனில் உலகச் சந்தைக்கான ஃபர்ம்வேரை ஏற்றி, அதோடு பூட்லோடரையும் பூட்டிவிட்டால், ‘இந்தப் பதிப்பை இந்தக் கருவியில் நிறுவ முடியாது’ என்ற வரியோடு போன் ரெக்கவரியிலேயே நின்றுவிடும். அங்கிருந்து மீட்பது வீட்டுக் கணினியின் வேலை அல்ல. இன்னொன்று: ஃபைல்களை இடைவெளி இல்லாத சின்ன ஆங்கிலப் பெயருள்ள ஃபோல்டரில், சி டிரைவிலேயே நேரடியாக வையுங்கள். ஃபிளாஷ் ஸ்கிரிப்ட்டைக் காணோம் என்ற பிழை பெரும்பாலும் இதனாலோ, தவறான உள் ஃபோல்டரைக் காட்டியதாலோ வருகிறது.

ஐபோனில் இவ்வளவு சிக்கல் இல்லை. ரெக்கவரி மோடில் கணினி கேட்கும்போது ‘ரீஸ்டோர்’ வேண்டாம், முதலில் ‘அப்டேட்’ கொடுங்கள். அது தகவலை அழிக்காமல் முயலும். டவுன்லோட் 15 நிமிடத்தைத் தாண்டினால் போன் ரெக்கவரியிலிருந்து வெளியேறிவிடும். டவுன்லோட் முடியட்டும், பிறகு மறுபடி ரெக்கவரிக்குக் கொண்டுபோய்த் தொடரலாம்.

கிராக் செய்த டூல்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்’ என்ற குறிப்போடுதான் அவை வருகின்றன. நல்ல ஃபிளாஷ் டூலையும் ஆன்ட்டிவைரஸ் சில நேரம் தவறாகப் பிடிக்கும், உண்மைதான். அந்த உண்மையின் நிழலில்தான் கடவுச்சொல் திருடும் நிரல்கள் உள்ளே நுழைகின்றன. பணப் பரிமாற்றம் செய்யும் கணினியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது. பழைய கணினி ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். வெர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) பாதுகாப்பானதுதான், ஆனால் போன் ஒரு மோடிலிருந்து இன்னொரு மோடுக்குத் தாவும்போது போர்ட் நழுவி, பாதியில் அறுந்துவிடும் ஆபத்து உண்டு. ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் ஷா 256 மதிப்பு வெளியிடப்பட்டிருந்தால், விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையால் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

அழிந்த தகவலை மென்பொருள் போட்டு மீட்கலாம் என்ற நம்பிக்கையும் இப்போது செல்லாது. ஆண்ட்ராய்டு 10 முதல், புதிதாக வெளிவரும் போன்களில் ஃபைல்வாரி என்கிரிப்ஷன் (ஒவ்வொரு ஃபைலையும் ரகசியச் சாவியால் பூட்டும் முறை) கட்டாயம். ரீசெட்டில் சாவி அழிந்தால், மிச்சம் இருப்பது படிக்க முடியாத எழுத்துக் குவியல்தான். கூகுள் கணக்கின் பூட்டோ, அழித்த பிறகும் அப்படியே நிற்கும். கணக்கும் கடவுச்சொல்லும் நினைவில் இருக்கின்றனவா என்று உறுதிசெய்யாமல் தொடங்காதீர்கள்.

தங்கள் இதழில் இத்தகைய குறிப்பு அடுத்த முறை வரும்போது, எந்த மாடல் எண்ணுக்கு, எந்தத் தேர்வு தகவலை அழிக்கும், ஃபைலை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கடைசிப் பத்தியில் போட்டால், அங்கே வருவதற்குள் வாசகர் ஸ்டார்ட்டை அழுத்தியிருப்பார்.

இப்படிக்கு,
கைப்பேசி பழுதுநீக்குநர் ஒருவர்