உடன் நின்றவருக்கும் பெயர் உண்டு, உள்ளே போனவருக்கு?

ஆசிரியருக்கு,

அதுவரை உள்ளே விடப்படாத தாழ்த்தப்பட்ட மக்கள் 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போன அந்த நுழைவைப் பற்றி எங்கே பேசினாலும், அவர்களை அழைத்துச் சென்ற காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் பெயர்தான் முதலில் வருகிறது, பல நேரம் அதோடு பேச்சும் முடிந்துவிடுகிறது. அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. சொந்தச் சாதியின் கடும் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு அந்தக் காலத்தில் அப்படி ஒரு காரியம் செய்ய நெஞ்சுரம் வேண்டும், அதற்கான மரியாதையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனால் அன்று அவருடன் உள்ளே போனவர்கள்? மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனை, அதுவும் பிற்பாடு அமைச்சரானதால்தான், நமக்குத் தெரியும். மற்ற தோழர்களின் பெயரைக் கேட்டால் என் வீட்டில் படித்த பிள்ளைகளே விழிக்கிறார்கள். எதிர்ப்பு வந்தால் ஐயருக்குத் திரும்பிப் போக ஒரு அக்ரஹாரமாவது இருந்தது, இவர்களில் பெரும்பாலோர் திரும்ப வேண்டியது சேரிக்குத்தான். சரி, இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டே தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா சென்னை மாகாணச் சட்டசபையில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்து, அது தோற்கடிக்கப்பட்டது. உரிமையைக் கேட்டவர்கள் முன்பே இருந்தார்கள், யாரோ வந்து எழுப்பிவிடவில்லை.

அடுத்த ஜூலை 8 அன்று நீங்கள் கட்டுரை போட்டால், உள்ளே போன அத்தனை பேர் பெயரையும் படங்களோடு முதலில் போடுங்கள், ஐயர் பெயர் அவர்களோடு சேர்ந்தே வரட்டும்.

ஒரு வாசகர், மதுரை