மாப்ளைக்கு, திருப்பூரிலிருந்து

அன்பு மாப்ள,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. சம்பள நாள் என்பதால் ராத்திரி 11 மணிக்குத்தான் படித்தேன். உன் அக்கா மகன் பனியன் தொழில் தொடங்கப் பணம் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, ‘இதில் முதலாளி மட்டும்தானே பிழைக்கிறான்’ என்றும் எழுதியிருந்தாய். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1996-ல் நாம் இங்கே வந்து இறங்கியபோது டெய்லருக்கு உதவியாளாக நிற்கும் கைமடி வேலைதான் கிடைத்தது, ஞாபகம் இருக்கிறதா? நீ ஷார்ஜா போனாய், நான் டெய்லரானேன், அப்புறம் இரண்டு பழைய ஓவர்லாக் தையல் மெஷினை வாடகைக்கு எடுத்து, கம்பெனிகளின் சரக்கைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். வேறு ஊரில் இது நடந்திருக்காது மாப்ள. நிட்டிங் ஒருத்தர், சாயம் ஒருத்தர், கட்டிங், தையல், அயர்னிங் என்று வேலை துண்டு துண்டாகப் பிரிந்து கிடப்பதால்தான், முழு பேக்டரி போட வழியில்லாதவனும் ஏதாவது ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட முடிகிறது.

போட்டி கடுமைதான். பீஸுக்குப் பத்து பைசா குறைக்காவிட்டால் ஆர்டர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். அந்தப் பத்து பைசாவை டெய்லர் கூலியில் பிடித்தால் நல்ல டெய்லர் அடுத்த வாரமே கிளம்பிவிடுவார், அப்புறம் சரக்கெல்லாம் ரிஜெக்ட்தான். பங்களாதேஷ் துணி ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் போகிறது, அவர்களோடு கூலியைக் குறைத்துப் போட்டி போட நம்மால் முடியாது, போடவும் கூடாது.

2011 ஜனவரியில் ஐகோர்ட் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊர் கதை முடிந்தது என்று அழுதேன். ஆனால் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது நாம்தானே, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரை நம்பியிருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனதில் என்ன தப்பு? இப்போது கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடியும் சாயத்துக்கே எடுக்கிறார்கள், வெளிநாட்டு பையர்களிடம் நம் ஆட்கள் முதலில் சொல்வதே அதைத்தான். இந்த மாதிரிப் போட்டியில் நாம் ஜெயிக்கலாம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது எனக்கு வேலை தரும் ஒரு கம்பெனி இரண்டு மாதம் பில் பணம் தரவில்லை. வீட்டு நகையை அடகு வைத்துத்தான் கூலி கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரே கம்பெனியை நம்புவதில்லை, உள்ளூர் சரக்கும் தைக்கிறேன்.

பணம் கொடு. ஆனால் பையன் முதலில் ஆறு மாதம் என் செக்கிங் டேபிளில் நிற்கட்டும். தீபாவளி முடிந்ததும் அனுப்பு, அதற்கு முன்னால் போனஸ் கணக்கிலேயே எனக்கு நாள் போய்விடும்.

உன்
மாப்ள